திரைக்குக் கீழே இரண்டு வரி

திரைப்படச் சங்கத்தில் படம் பார்க்க வருகிறவர்களில் பாதிப் பேருக்குச் சின்னவளின் முகம் தெரியாது. ஹாலின் கடைசி வரிசைக்கும் பின்னால், சுவரை ஒட்டிய மேசையில், லேப்டாப் வெளிச்சம் யார் கண்ணையும் உறுத்தாதபடி கறுப்புத் துணியைக் கூடாரம் போலக் கட்டிக்கொண்டு அதற்குள் உட்கார்ந்திருப்பாள். பெரிய திரையில் எந்த நாட்டுக்காரராவது வாயைத் திறந்தால் அவள் ஒரு விசையைத் தட்டுவாள். பெரிய திரைக்குக் கீழே தொங்கும் குட்டித் திரையில் தமிழ் வரி வரும். அவர் வாயை மூடினால் இன்னொரு தட்டு, வரி போய்விடும். படம் முடியும்வரை இந்த வேலைதான். தும்மல் வந்தால்கூட அடக்கிக்கொள்ள வேண்டும்.

வீட்டில் இரண்டு பெண்களில் இளையவள் என்பதால் வந்த பெயர் சின்னவள். அக்கா ஒருமுறை போனில் அப்படி அழைத்தது சங்கத் தலைவர் காதில் விழ, சங்கமும் அதையே பிடித்துக்கொண்டது. பகலில் அவளுக்கு ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் ரிப்போர்ட் தட்டுகிற வேலை. யாருக்குச் சர்க்கரை, யாருக்குக் கர்ப்பம், யாருக்கு என்ன என்பதெல்லாம் அவள் விரல் வழியாகத்தான் போகும். அவள் வாய் வழியாக ஒன்றும் போனதில்லை. கிணற்றில் போட்ட கல் மாதிரி என்று அக்கா பெருமையாகச் சொல்வாள். அந்தக் கல்லை நம்பித்தான் அக்கா தன் ரகசியத்தையும் சொன்னாள்.

அக்கா புருஷன் வீட்டை விட்டுப் போய் நாளாகிவிட்டது. வேறொரு ஊர், வேறொருத்தி. அக்கா யாரிடமும் மூச்சு விடவில்லை. அவருக்கு ராத்திரி ஷிப்ட் மாற்றிவிட்டார்கள், பகல் முழுக்கத் தூக்கம் என்று தான் குடியிருந்த கட்டடம் முழுவதையும் நம்ப வைத்திருந்தாள். துவைத்த படுக்கை விரிப்புகளை ஆளுக்கொரு முனையாகப் பிடித்து மடித்துக்கொண்டிருந்த ஒரு மத்தியானம்தான் தங்கையிடம் உடைத்தாள்.

"எதிர் வீட்டுத் தையல்காரம்மா இருக்காங்கல்ல, மெஷினை வாசல் பக்கம் போட்டுட்டு நாள் பூரா அங்கயேதான். ஆபீஸ்ல இருந்து வந்ததும் நான் என்ன பண்ணுவேன் தெரியுமா? பெல் அடிப்பேன்."

"யாருக்கு?"

"யாருக்கோ. கொஞ்ச நேரம் நிப்பேன். அப்புறம் 'தூங்கிட்டார் போல'ன்னு சத்தமா சொல்லிட்டு, நானே சாவி போட்டுத் திறப்பேன். தினமும் இதான் கூத்து."

சொல்லிவிட்டு அக்கா சிரித்தாள். சிரித்துக்கொண்டே விரிப்பின் முனையில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். சின்னவள் தன் முனையை விடாமல் பிடித்துக்கொண்டு நின்றாள். விட்டிருக்க வேண்டும், விட்டுவிட்டுப் பக்கத்தில் போயிருக்க வேண்டும் என்று பிறகு தோன்றியது.

அந்த மாதச் சங்கப் படம் ஒரு பனி நாட்டிலிருந்து வந்தது. மீன் தொழிற்சாலையில் வேலை செய்யும் ஒருத்தியின் கதை. புருஷன் சொல்லாமல் கொள்ளாமல் போய்விடுகிறான். விஷயம் தெரிந்துபோன தோழி ஒருத்தி சமையலறையில் எதிரே உட்கார்ந்து, தனியாக எப்படி இருக்கிறாய் என்று கேட்கிறாள். இவள் உருளைக்கிழங்கிலிருந்து கண்ணை எடுக்காமல் என்னவோ ஒரு வார்த்தை சொல்கிறாள். பிறகு அந்தக் கிழங்கு முழுவதும் தோல் உரிந்து தீரும்வரை காமிரா அசைவதில்லை.

படத்தோடு வந்த ஆங்கில வரியை வைத்துத்தான் சின்னவள் தமிழ் எழுதுவாள். ஆங்கிலத்தில் 'சமாளிக்கிறேன்' என்பதற்கு மேல் ஒன்றும் இல்லை. அதையே எழுதினாள். அழித்தாள். 'ஏதோ ஓடுது' என்று போட்டாள். அந்த நடிகையின் முகத்துக்குக் கீழே அது செத்த பல்லி மாதிரிக் கிடந்தது. அவ்வளவு நீளமான மௌனம் இருக்கிறது, இரண்டு வரி தாராளமாகக் கொள்ளும். விரல் தானாக ஓடியது.

பெல் அடித்துவிட்டு, 'தூங்கிட்டார் போல' என்று
சத்தமாகச் சொல்லி, நானே கதவைத் திறப்பேன்.

படத்தை ஓட்டிப் பார்த்தாள். நடிகையின் வாயசைவுக்கு அது நீளம்தான். ஆனால் அந்த முகத்தில் அது பொருந்தியது. பொருந்தியது என்பதைவிட, அந்த முகம் இத்தனை நேரமும் அதைத்தான் சொல்லக் காத்திருந்த மாதிரி இருந்தது. சின்னவளுக்கு உடம்பு சிலிர்த்தது. அக்கா விரிப்பில் முகம் புதைத்த அன்று சிலிர்க்காத உடம்பு. அதைக் கவனிக்காமல் இல்லை. கவனித்துவிட்டு அடுத்த வரிக்குப் போனாள்.

அக்கா வரமாட்டாள் என்ற தைரியமும் இருந்தது. எத்தனை தடவை கூப்பிட்டிருக்கிறாள். "எவனோ எங்கயோ அழுறதுக்கு நான் எதுக்குடி பஸ் பிடிச்சு வரணும், எங்கிட்டயே நிறைய ஸ்டாக் இருக்கு" என்பாள் அக்கா. ஆனால் அந்த மாதம் தலைவருக்கு என்ன தோன்றியதோ, சுவரொட்டியில் இயக்குநர் பெயருக்குக் கீழே 'தமிழ் வரிகள்' என்று போட்டுச் சின்னவளின் முழுப் பெயரையும் அச்சடித்துவிட்டார். வங்கி மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். யாருக்காவது ஏதாவது பதவி உயர்வு கொடுக்காவிட்டால் அவருக்கு நாள் போகாது.

அந்தச் சுவரொட்டியைத் தையல்காரம்மா பார்த்துவிட்டார்.

சனிக்கிழமை சாயங்காலம் சன்னல்களுக்குக் கறுப்புத் துணி மாட்டி, பிளாஸ்டிக் நாற்காலிகள் பாதிக்கு மேல் நிறைந்த பிறகு, கதவைத் தள்ளிக்கொண்டு அக்கா உள்ளே வந்தாள். பின்னாலேயே கழுத்தில் தொங்கிய அளவு டேப்பை எடுக்க மறந்த தையல்காரம்மா. இருவரும் இரண்டாம் வரிசையில் இடம் பிடித்தார்கள்.

"இன்டர்வல்ல என்ன விப்பாங்க இங்க?" என்று தையல்காரம்மா கேட்டது பின்சுவர் வரை கேட்டது.

"இன்டர்வலே கிடையாதாம் ஆன்ட்டி."

"அப்படியா. சொல்லியிருந்தா வீட்டுலயே ஏதாவது வாயில போட்டுட்டு வந்திருப்பேனே."

அக்கா திரும்பிப் பார்த்தாள். கறுப்புக் கூடாரத்தைக் கண்டுபிடித்துக் கை அசைத்தாள். பள்ளிக்கூட ஆண்டு விழாவில் தங்கை மேடை ஏறியபோது கூட்டத்திலிருந்து அசைத்த அதே கை. தையல்காரம்மாவிடம் குனிந்து, "அதோ, அவதான்" என்று காட்டினாள்.

விளக்கு அணைந்தது.

உருளைக்கிழங்குக் காட்சிக்கு நேரம் இருந்தது. திடீரென்று வந்து விழுந்திருந்தால் ஏமாந்துவிட்டேன் என்று சொல்லிக்கொண்டிருக்கலாம். முக்கால் மணி நேரத்துக்கு மேல் இருந்தது. பனி விழுந்தது, மீன்கள் பெல்ட்டில் போயின, புருஷன் தொப்பியை எடுத்துக்கொண்டு கிளம்பினான். சின்னவளின் விரல் தட்டிக்கொண்டே இருந்தது, மனம் ஒன்றையே சுற்றியது. தாண்டிவிடலாம். இரண்டு தட்டு வேகமாகத் தட்டினால் வரி வந்த தடம் தெரியாமல் போய்விடும். நடிகை ஒரு வார்த்தை முணுமுணுத்தாள், அவ்வளவுதான். யாரும் கேட்கப் போவதில்லை. தாண்டிவிடுகிறேன் என்று முடிவே செய்துவிட்டாள்.

சமையலறை வந்தது. தோழி கேட்டாள். ஹால் அசையாமல் இருந்தது. யாரும் இருமவில்லை, நாற்காலி கிறீச்சிடவில்லை. அத்தனை பேரும் குட்டித் திரையைப் பார்த்தபடி, அவள் கொடுக்கப்போகும் வார்த்தைக்காகக் காத்திருந்தார்கள். நடிகை வாயைத் திறந்தாள். சின்னவள் ஒரு தட்டுதான் தட்டினாள்.

பழக்கதோஷம் என்று சொல்லலாம். யாரிடம் வேண்டுமானாலும் சொல்லலாம், தன்னிடம் சொல்ல முடியாது. அந்த வரிக்கு இந்த ஹால் என்ன செய்கிறது என்று பார்க்கவேண்டும்போல இருந்தது அவளுக்கு.

ஹால் சிரித்தது. நல்ல சிரிப்பு. முன்னாலிருந்து எழுந்து பின்னால் வந்து, வந்த வேகத்திலேயே சுருங்கி, ஒரு பெருமூச்சாக அடங்கியது. எழுதுகிறவர்கள் இதற்காக என்ன வேண்டுமானாலும் கொடுப்பார்கள். இரண்டாம் வரிசையில் தையல்காரம்மாவும் சிரிக்கத் தொடங்கினார். பாதியில் அந்தச் சிரிப்பு, நூல் அறுந்த மெஷின் மாதிரி நின்றது. அவர் தலை மெல்ல அக்கா பக்கம் திரும்பியது. அக்காவின் தலை திரும்பவில்லை. கிழங்கின் தோல் சுருள் சுருளாக விழுந்துகொண்டே இருந்தது.

படம் முடிந்ததும் வழக்கம்போலக் கலந்துரையாடல். எழுந்து போய்விடுவார்கள் என்று சின்னவள் எதிர்பார்த்தாள். இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். போனால்தான் சந்தேகம் என்று அக்கா கணக்குப் போட்டிருப்பாள்.

மருந்துக்கடைக்காரர் முதல் ஆளாக எழுந்தார். "படம் கொஞ்சம் இழுவைதான். ஆனா அந்த பெல் வசனம் ஒண்ணு போதும்க. அந்த டைரக்டர் கையைப் பிடிச்சுக் கண்ணுல ஒத்திக்கணும்."

தலைவருக்கு வாய் கொள்ளாத சிரிப்பு. "அங்கதான் நீங்க ஏமாந்தீங்க. நான் முன்னாடியே இங்கிலீஷ் வரியோட பார்த்துட்டேன். அதுல வெறும் 'சமாளிக்கிறேன்'தான். மிச்சமெல்லாம் நம்ம சின்னவளோட சொந்தச் சரக்கு. எழுந்திரும்மா. எங்கிருந்து பிடிச்சே அதை?"

மைக் கைமாறிக் கைமாறிக் கூடாரத்துக்கு வந்தது. எல்லாத் தலையும் திரும்பியது. அக்காவும் திரும்பினாள். எல்லோரையும் போல ஒரு புன்னகையோடு பதிலுக்குக் காத்திருந்தாள்.

"கற்பனைதான் சார்" என்றாள் சின்னவள்.

கைதட்டினார்கள். அக்காவைக் காப்பாற்ற வேறு வார்த்தை கிடையாது. அதே வார்த்தைதான் கைதட்டல் முழுவதையும் சின்னவள் மடியில் கொண்டுவந்து கொட்டியது. எதற்காகச் சொன்னாள்? காப்பாற்றத்தான் என்று நெஞ்சில் கைவைத்துச் சொல்லிவிட முடிந்தால் அன்றைக்கு ராத்திரி கொஞ்சம் தூங்கியிருப்பாள்.

படியில் தையல்காரம்மா நின்றிருந்தார். "நல்ல படம்மா. பனியெல்லாம் அழகா காட்டுறாங்க" என்றார். பிறகு அக்காவிடம், "நீங்க போங்க, நான் பட்டன் வாங்கிட்டு வரேன்" என்று எதிர்ப்பக்கமாக நடந்தார். அந்தப் பக்கம் பட்டன் கடை எதுவும் கிடையாது. பார்க்கும்போதெல்லாம் 'சாருக்கு இன்னிக்கும் நைட்டா?' என்று கேட்கிறவர் கேட்காமலே போனார். அவர் கேட்டிருந்தால் தேவலை.

பஸ்ஸில் அக்கா ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "சாப்டியா?"

"இல்ல."

"வா."

அக்கா வீட்டு வாசலில் எதிர் வீட்டுக் கதவு சாத்தியிருந்தது. அக்கா நேராகச் சாவியைப் போட்டுத் திறந்தாள். உள்ளே போய்த் தோளில் இருந்த பையைக்கூடக் கழற்றாமல் அடுப்பில் பால் வைத்தாள். சின்னவள் சமையலறை வாசலில் நின்றாள். உள்ளே போகலாமா என்று முதல்முறையாக யோசனை வந்தது.

"நான் சொன்ன சூடாவது ஆறுச்சா, இல்ல அன்னிக்கே போய் எழுதிட்டியா?" என்றாள் அக்கா, பாலைப் பார்த்தபடி.

"அக்கா, உன்னைக் காட்டிக் கொடுக்கணும்னு..."

"அது எனக்குத் தெரியாதா. காட்டிக் கொடுக்கற புத்தி உனக்குக் கிடையாது. நான் கேக்கறது வேற. எழுதறப்ப என்னை நினைச்சியா?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். உன் கஷ்டத்தை நாலு பேர் உணரட்டும் என்றுதான், என்று ஒரு அழகான பதில் தயாராகவும் இருந்தது. ஆனால் அன்றைக்குப் போதுமான அளவு பேசியாகிவிட்டது.

"இல்ல. வரியை மட்டும்தான் நினைச்சேன்."

"ம்." பால் பொங்கி வந்தது. அக்கா அணைத்தாள். "வேற என்னோடது என்னல்லாம் போட்டிருக்க?"

அது அவள் எதிர்பார்க்காத கேள்வி. எதிர்பார்க்காவிட்டாலும் பதில் இருந்தது.

"ரெண்டு வருஷம் முந்தி ஒரு சாவு வீட்டுப் படம். அதுல ஒரு பொண்ணு... அம்மா போனப்ப நீ சொன்னியே, 'அழுகையே வரல, பசிக்குது'ன்னு. அதைப் போட்டேன்."

அக்கா திரும்பினாள். அன்றைக்கு முதல் தடவையாக நேராகப் பார்த்தாள். "அதை நானா சொன்னேன்?"

"ஆமா."

"நீதான்டி சொன்னே. நான் பீரோவுக்குப் பின்னால கூட்டிட்டுப் போய் உனக்கு பிஸ்கட் கொடுத்தேன். யாரும் பார்த்துடக் கூடாதுன்னு முந்தானையால மறைச்சுக்கிட்டு நின்னேன்."

சின்னவள் தன் வெட்கத்தைக்கூடக் கூசாமல் தூக்கி அக்கா தலையில் வைத்து, அங்கிருந்து திருடியதாகக் கணக்கு எழுதி வைத்திருந்திருக்கிறாள். இத்தனை வருஷமும் அந்த வார்த்தையை நினைக்கும்போதெல்லாம், பாவம் அக்கா, என்றல்லவா நினைத்துக்கொண்டிருந்தாள்.

"நாளைக்குக் காலைக் காட்சிக்கு அந்த பெல் வரியை எடுத்துடறேன்" என்றாள் கடைசியில்.

"எடுக்காத."

"அக்கா."

"எடுத்தா உங்க தலைவர் சும்மா இருப்பாரா? ஏன் எடுத்தேன்னு மைக்கைக் கொண்டுவந்து நீட்டுவார். இன்னிக்கு அது உன்னோட கற்பனை. நாளைக்கு எடுத்தேன்னா அது என்னோடதுன்னு ஆயிடும்." பாலை இரண்டு டம்ளரில் ஊற்றினாள். "நானும் வரேன். அந்தம்மாவையும் இழுத்துட்டு வரேன். எல்லாரும் சிரிக்கறப்ப நானும் சிரிக்கறேன். தன் கதைக்குத் தானே எவளாவது சிரிப்பாளா? அவ்வளவுதான், முடிஞ்சுது. நீ ஒழுங்கா தட்டு, அது போதும்."

கோபித்துக் கத்தியிருந்தால் தாங்கியிருக்கலாம். இப்படி இருவரும் சேர்ந்து செய்யவேண்டிய வேலை போல அக்கா பேசியதுதான் தாங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கூட்டம் இன்னும் அதிகம். மருந்துக்கடைக்காரர் வாடிக்கையாளர்களிடமெல்லாம் சொல்லியிருப்பார் போல. அக்கா இஸ்திரி போட்ட உடுப்பில் வந்தாள். தையல்காரம்மாவும் வந்தார், பேச்சில்லாமல். அதே இரண்டாம் வரிசை. தலைவர் கூடாரத்துக்குள் தலையை விட்டு, "அந்த இடம் வந்ததும் ஆடியன்ஸைப் பாரும்மா" என்று கிசுகிசுத்துவிட்டுப் போனார்.

சின்னவள் ஆடியன்ஸைப் பார்க்கவில்லை. ஒரு வரிகூடத் தப்பாமல் தட்டினாள். வாயசைவும் வரியும் இவ்வளவு சேர்ந்து ஓடியது இதற்கு முன் எந்தப் படத்திலும் இல்லை. ஒழுங்காகத் தட்டு என்று மட்டும்தானே அக்கா கேட்டாள்.

சமையலறை வந்தது. தோழி கேட்டாள். நடிகை கிழங்கைக் கையில் திருப்பினாள். வாயைத் திறந்தாள். சின்னவளின் விரல் விசையின் மேலேயே இருந்தது, அழுந்தவில்லை. ஒரு மூச்சு நேரம், அவ்வளவுதான் தாமதம்.

அந்த ஒரு மூச்சு நேரத்தில் அக்கா சிரித்தாள்.

குட்டித் திரை காலியாக இருந்தது. ஹால் முழுவதும் அமைதி. அதன் நடுவில் அக்காவின் சிரிப்பு மட்டும் தனியாக, பளிச்சென்று கேட்டது. காலையில் கண்ணாடி முன்னால் நின்று பழகியிருப்பாள். நடிகையின் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்திருப்பாள். உதடு அசைந்ததும், வரி வந்திருக்கும் என்று நம்பிச் சிரித்துவிட்டாள். முன்வரிசைத் தலைகள் திரும்பின. ஒன்றும் இல்லாததற்கு யார் சிரிக்கிறார்கள் என்று பக்கத்து நாற்காலிகளும் பார்த்தன. சின்னவளின் விரல் அப்போதுதான் அழுத்தியது. வரி வந்தது. ஆனால் பாதிப் பேர் திரையைப் பார்க்கவில்லை, அக்காவைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

தையல்காரம்மாவும் அவளைப் பார்த்தார். ஒரு கணம்தான். பிறகு தொடையில் ஓங்கித் தட்டிக்கொண்டு, அக்காவைவிடப் பெரிதாகச் சிரித்தார். "நேத்தும் இந்த இடத்துலதாங்க எங்க ரெண்டு பேருக்கும் அடக்க முடியல" என்று திரும்பிய தலைகளுக்கெல்லாம் கேட்கும்படி சொன்னார். "வரப் போகுதுன்னு தெரிஞ்சதும் இவங்களுக்கு முந்திக்கிட்டு வந்துடுச்சு."

முன்பே பார்த்தவர்கள் போலிருக்கிறது என்று தலைகள் திரைக்குத் திரும்பின. வரியைப் படித்தன. ஹால் சிரித்தது, நேற்றைவிட அதிகமாக. தையல்காரம்மாவின் கை நாற்காலிக் கைப்பிடியில் இருந்த அக்காவின் மணிக்கட்டைப் பிடித்திருந்தது. அக்கா கையை இழுத்துக்கொள்ளவில்லை. சிரித்துக்கொண்டே இருந்தாள். ஹால் அடங்கிய பிறகும் அவள் தோள் குலுங்குவது நிற்கவில்லை. அது எப்போது சிரிப்பாக இல்லாமல் போனது என்று பின்னாலிருந்து சொல்ல முடியவில்லை.

யாரும் சொல்லாமலே ஒருவர் எல்லாவற்றையும் தெரிந்துகொண்டு, தெரியாத மாதிரி ஒரு வார்த்தையும் தேடி எடுத்துக் கொடுத்துவிட்டார். இரண்டு நாளாகச் சின்னவள் தேடியும் கிடைக்காத வார்த்தை.

திரையில் கிழங்கு தீர்ந்தது. சமையலறை போய், பனி மூடிய தெரு வந்தது. அந்தப் பெண் ஒரு பையைத் தூக்கிக்கொண்டு, வாயே திறக்காமல், தெரு நெடுக நடந்துகொண்டிருந்தாள். அவள் காலடியில் வரி அப்படியே நின்றது.

"பின்னால யாருங்க, வரியை எடுங்க" என்றது ஒரு குரல். யாரோ அதற்கும் சிரித்தார்கள். சின்னவள் விசையைத் தேடினாள். கண்ணை மறைத்த தண்ணீரில் எந்த விசை என்று தெரியவில்லை.